கரூரிலிருந்து 17 பேர், ஊட்டி மலர்க் காட்சி: எப்படிப் போய் வருவது?

கேட்கப்பட்டது இது: கரூரிலிருந்து 17 பேர் மே மாதம் ஊட்டி மலர்க் காட்சிக்குப் போகிறார்கள். முழங்கால் வலியுள்ள அப்பத்தா, சர்க்கரை நோயுள்ள தாத்தா, பெரியம்மா, நான்கு தம்பதியர், 4 வயது முதல் 13 வயது வரை ஐந்து பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை. ஒரே வேனில், ஒரே நாளில் போய் வர முடியுமா?

ஒரே நாளில் வேண்டாம், ஒரே வேனிலும் வேண்டாம். முந்தின நாள் மாலை கிளம்பி மேட்டுப்பாளையத்தில் படுத்து எழுந்து, விடியுமுன் மலையேறினால் முடியும். காரணத்தைச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக வருகிறேன்.

கரூரிலிருந்து காங்கயம், திருப்பூர், அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய்ச் சேர மூன்றரை மணி நேரம். அங்கிருந்து குன்னூர் வழியாக ஊட்டி 51 கிலோமீட்டர். சாதாரண நாளில் இரண்டு மணி நேரப் பாதை. மலர்க் காட்சி நாளில் காலை 9 மணிக்கு மேல் மலைப்பாதையிலுள்ள பர்லியாற்றைத் தாண்டினால் அந்த இரண்டு மணி நேரம் எவ்வளவாக நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரூரில் அதிகாலை 4 மணிக்கு எல்லோரையும் கிளப்புவதாக நீங்கள் திட்டமிடுவீர்கள். 17 பேர் 4 மணிக்குக் கிளம்ப மாட்டார்கள், 5 ஆகும். வழியில் டிபன், டீ, ஒரு வாந்தி. 9 மணிக்குத்தான் மலையடிவாரம். அதாவது, சரியாக நெரிசலின் வாய்க்குள் போய் விழுவீர்கள். இரவெல்லாம் ஓட்டி விடியற்காலை போய்ச் சேரலாம் என்று டிரைவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தூக்கம் கெட்ட கண்ணோடு 14 கொண்டை ஊசி வளைவு ஏறுவது யாருக்கும் நல்லதல்ல.

எந்த நாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மலர்க் காட்சி மே மாதத்தில் அரசு தாவரவியல் பூங்காவில் நடக்கும்; 1896-ல் தொடங்கியது, 2025-ல் நடந்தது 127-வது. அந்த ஆண்டு மே 15 முதல் 25 வரை இருந்தது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், அறிவிப்பு வந்த பிறகு அறை போடுங்கள். முதல் நாள் போகாதீர்கள். திறப்பு விழா, முக்கிய விருந்தினர்கள், பாதுகாப்புக் கெடுபிடி, போதாக்குறைக்கு அன்று நீலகிரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். உள்ளூர்க்காரர்களும் அன்றே வருவார்கள். சனி, ஞாயிறு கேட்கவே வேண்டாம். கடைசி இரண்டு நாட்களில் இன்னொரு சிக்கல். பெரிய உருவங்களெல்லாம் கொய்மலர்களைச் செருகிச் செய்தவை. கார்னேஷனும் ரோஜாவும் வெயிலிலும் மழையிலும் ஒரு வாரம் நின்றால் ஓரம் கருகித் தொங்கும். தொட்டிச் செடிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே தொடங்கிய பின் வரும் முதல் செவ்வாய், புதன், வியாழனில் ஒன்று உங்களுக்குச் சரி.

அடுத்தது இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: கோடைக்காலத்தில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி. தமிழ்நாடு மின்னாளுமை முகமையின் இ-பாஸ் தளத்தில் கைபேசி எண்ணைக் கொடுத்து உள்ளே போனால் வண்டி எண், வண்டி வகை, ஆட்களின் எண்ணிக்கை, வரும் தேதி, திரும்பும் தேதி, எங்கே தங்குகிறீர்கள் என்பதைக் கேட்கும். காசு கிடையாது. கியூஆர் குறியீட்டோடு பாஸ் வரும். அதை ஒரு தாளில் அச்சடித்தும் வையுங்கள். சோதனைச் சாவடியில் நிற்கும்போதுதான் போனில் சார்ஜ் தீரும்.

பெரிய குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பாஸ் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. டிராவல்ஸ்காரர் சொன்ன வண்டி எண்ணைப் போட்டுப் பாஸ் எடுத்திருப்பீர்கள். கிளம்புகிற நாளில் "அந்த வண்டி வேறு சவாரிக்குப் போயிருச்சுங்க, இது அதைவிடப் புது வண்டி" என்று வேறொன்றை அனுப்புவார். எண் மாறினால் கையிலிருக்கும் பாஸ் செல்லாது; அன்றைய ஒதுக்கீடு முடிந்திருந்தால் புதிதும் கிடைக்காது. முன்பணம் கொடுக்கும்போதே "வண்டி எண் மாறினால் இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி விஷயத்தில் என் கருத்து: 17 சீட் வேனைவிட ஒரு 12 சீட் வேனும் வீட்டு ஆள் ஓட்டும் ஒரு காரும் மேல். காசு கொஞ்சம் கூடும். பாஸ் இரண்டு எடுக்க வேண்டும். ஆனால் 17 சீட் வேனில் 17 பேரும் ஏறிய பிறகு பைகள் மடியில்தான் இருக்கும், வாந்தி வருகிறவருக்கு ஜன்னல் கிடைக்காது. அதைவிட முக்கியம், அப்பத்தாவுக்கோ குழந்தைக்கோ முடியவில்லை என்றால் கார் மட்டும் முன்னால் திரும்பிவிடலாம். ஒரே வேன் என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் 17 பேரும் திரும்ப வேண்டும், இல்லை அந்த ஒருவர் மூன்று மணி நேரம் வண்டியில் படுத்திருக்க வேண்டும். காரை ஓட்டுகிறவர் மலையில் ஓட்டிப் பழகியவராக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெருங்குடும்பப் பயணத்தைக் கெடுப்பது கூட்டமல்ல. ஒருவருக்காகப் பதினாறு பேர் நிற்பதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கழிப்பறை வரிசையில் ஒருவருக்குக் கால் மணி நேரம். காலையில் ஐந்து பேர் ஐந்து தடவை போனால், ஒவ்வொரு தடவையும் எல்லோரும் நின்றால், ஒன்றேகால் மணி நேரம் போச்சு. பூங்காவுக்குள் உங்களுக்கு இருப்பதே நான்கு மணி நேரம். இதோடு ஒருவர் ஐஸ்கிரீம் வாங்க, ஒருவர் செருப்பு வார் அறுந்து நிற்க, ஒருவர் போட்டோ எடுக்க. கூட்டத்தின் நடுவே 17 பேர் ஒரே கட்டாக நின்றால் பின்னால் வருகிறவர்கள் முட்டுவார்கள், காவலர் நகரச் சொல்வார், அந்தத் தள்ளலில்தான் பிள்ளை கைவிட்டுப் போகும்.

அதனால் வீட்டிலேயே நான்கு குழுவாகப் பிரியுங்கள். முதல் குழு காரில் வருகிறவர்கள்: அப்பத்தா, தாத்தா, கைக்குழந்தை, குழந்தையின் அப்பா அம்மா. இது மெதுவான குழு. இவர்களுக்கு அவசரமே கிடையாது. மற்ற மூன்று குழுக்களும் நான்கு நான்கு பேர். ஒன்றில் பெரியம்மா, ஒரு தம்பதி, 4 வயதுப் பிள்ளை. மற்ற இரண்டிலும் ஒரு தம்பதியும் இரண்டு பிள்ளைகளும். பிள்ளைகள் தங்கள் அப்பா அம்மாவோடுதான் இருக்க வேண்டும் என்றில்லை. பெரியப்பா மகளோடு போகிறேன் என்று அழுகிற பிள்ளையை இழுத்துப் பிரிப்பதைவிடக் குழுவை மாற்றிவிடலாம். ஆனால் பூங்கா வாசலைத் தாண்டிய பிறகு மாற்றக் கூடாது. பிள்ளைகள் காணாமல் போவது பெரும்பாலும் "அவள் உங்க கூட வர்றான்னு நினைச்சேன்" என்ற வாக்கியத்தில்தான்.

ஒவ்வொரு குழுவும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும்: ஒரு தண்ணீர் பாட்டில், கொஞ்சம் பிஸ்கட், ரொக்கம், ஒரு சார்ஜ் நிறைந்த போன், தங்கள் ஆளுடைய மாத்திரை. மருந்துப் பையெல்லாம் வேனில் இருக்கிறது, வேன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்ற நிலை வரக் கூடாது. 17 பேரும் ஒன்றாக இருக்க வேண்டிய நேரம் மூன்றே மூன்று: உள்ளே நுழைந்ததும் எடுக்கும் குடும்பப் போட்டோ, வெளியே வரும் நேரம், சாப்பாடு.

எண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எப்போதும் "வந்தாச்சு" என்றுதான் பதில் வரும். வராதவர் பதில் சொல்ல மாட்டாரே. குழுத் தலைவர்கள் நால்வர் மட்டும் பேச வேண்டும்: "ஐந்து", "நாலு", "நாலு", "நாலு". கூட்டினால் 17. வண்டி நகரும் முன், பூங்கா வாசலில், வெளியே வந்ததும், ஒவ்வொரு டீக்கடையிலும் இதே நான்கு சொல். பத்து வினாடி வேலை.

ஒரே நிறத் தொப்பி வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனை, ஆனால் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். மஞ்சளும் சிவப்பும் சாதாரணத் திருவிழாவில் கண்ணில் படும். மலர்க் காட்சியில் சாமந்திக்கும் சால்வியாவுக்கும் நடுவே கரைந்துபோகும். கிளிப்பச்சை புல்வெளியில் காணாமல் போகும். அடர் நீலம் எடுங்கள்.

பிள்ளைகளுக்கு முன்னேற்பாடு நான்கு. காலையில் அன்றைய உடுப்போடு ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். காவல் உதவி மையத்தில் "நீலச் சட்டையா, சாம்பல் ஸ்வெட்டரா" என்று திணறுவதைவிட அதைக் காட்டுவது எளிது. இரண்டு பெரியவர்களின் போன் எண்ணை முன்கையின் உட்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, அதன் மேல் வெளிப்படையான டேப் ஒட்டுங்கள், மழையில் அழியாது. தொலைந்தால் தேடி நடக்கக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், காக்கிச் சீருடை போட்டவரிடமோ குழந்தை வைத்திருக்கும் அக்காவிடமோ சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக்கொடுத்து, திருப்பிச் சொல்ல வையுங்கள். கடைசியாக, 4 வயதுப் பிள்ளைக்குப் பொறுப்பு "எல்லோரும்" அல்ல, ஒருவர். கைமாற்றும்போது "உங்ககிட்ட விடறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, "சரி" என்ற பதிலைக் கேட்ட பிறகே கையை விட வேண்டும்.

கூட்டம் கூடும்போது போன் டவர் திணறும். அழைப்பு போகாது, வாட்ஸ்அப் செய்தி அரை மணி நேரம் கழித்து வரும். போனை நம்பிச் சந்திப்பிடம் முடிவு செய்யாதீர்கள். "11.30 மணிக்குக் கல்மரத்தடியில்" என்று முன்பே பேசிவையுங்கள். கல்மரம் என்பது பூங்காவிலிருக்கும் 2 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவ மரம். யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். பெரிய மலர் உருவத்தின் முன்னால் சந்திக்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், ஊரே அங்கேதான் நிற்கும்.

இப்போது அந்த நாளின் ஓட்டம்.

மேட்டுப்பாளையத்தில் 4.30-க்கு எழுப்பி 5.15-க்குள் வண்டி கிளம்ப வேண்டும். மலையேறும் முன் வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது, காலியாகவும் கூடாது. இரண்டு பிஸ்கட், கொஞ்சம் தண்ணீர் போதும். பால் வேண்டாம். வாந்தி வருகிற ஆள் யாரென்று உங்களுக்கே தெரியும். அவரை வேனின் முன்வரிசை ஜன்னலில் உட்கார வையுங்கள், போனைப் பார்க்க விடாதீர்கள், தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை போடுவதென்றால் ஏறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். வழக்கமாகத் தரப்படும் ப்ரொமெத்தசின் வகை மாத்திரையை 2 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. மற்ற பிள்ளைகளுக்கு அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸோடு பிளாஸ்டிக்கும் பார்ப்பார்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடை, அதில் சிறிய தண்ணீர் பாட்டில்களும் அடக்கம். கடையில் வாங்கிய ஒரு லிட்டர் பாட்டில்களை டஜன் கணக்கில் அடுக்கிக்கொண்டு போனால் அங்கேயே இறக்கி வைக்க வேண்டியதுதான், அபராதமும் உண்டு. வேனில் ஒரு 20 லிட்டர் கேன், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில். வழியோரமும் ஊருக்குள்ளும் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது. 5 ரூபாய் நாணயங்கள் கொஞ்சம் கைவசம் இருக்கட்டும்.

கழிப்பறைக்குக் குன்னூரில் நிறுத்தி எல்லோரையும் அனுப்பிவிடுங்கள். "எனக்கு வரலை" என்கிற பிள்ளையையும் அனுப்புங்கள். ஊட்டியில் உங்களுக்குக் கிடைக்கும் முதல் ஒரு மணி நேரத்தின் மதிப்பு அங்கேதான் மிச்சமாகிறது.

கோடைக்காலத்தில் வெளியூர் வேன்களை நகருக்குள் விடாமல் புறநகர் நிறுத்துமிடங்களில் நிறுத்தி, அங்கிருந்து சுற்றுப் பேருந்து விடுவார்கள். எந்தச் சாலையில் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து இடம் மாறும், போலீஸ்காரர் கைகாட்டுகிற பக்கம் போவதுதான். காலை 7.30-க்குள் வந்தால் சேரிங் கிராஸ் வரையாவது இறக்கிவிட வாய்ப்பு அதிகம். அங்கிருந்து பூங்கா ஒரு கிலோமீட்டர், லேசான ஏற்றம். அப்பத்தாவுக்கும் தாத்தாவுக்கும் ஆட்டோ பிடியுங்கள். வேன் எங்கே நிற்கிறது என்பதை டிரைவர் ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டும், பக்கத்துக் கடைப் பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி. நூறு வெள்ளை வேன்களுக்கு நடுவே உங்கள் வெள்ளை வேனைத் தேடும்போது அருமை தெரியும்.

பூங்கா வழக்கமாகக் காலை 7 மணிக்குத் திறக்கும். டிக்கெட் எடுக்க 17 பேரும் வரிசையில் நிற்க வேண்டாம். பெரியவர் எத்தனை, சிறியவர் எத்தனை என்று ஒரு சீட்டில் எழுதி ஒருவரை அனுப்புங்கள். காட்சி நாட்களில் கட்டணம் வழக்கத்தைவிடக் கூடுதல். யுபிஐ ஓடும் என்று நம்பி வெறுங்கையாகப் போகாதீர்கள். போன் டவர் திணறும் என்று சொன்னேனே, அங்கேயும் அதே கதைதான்.

உள்ளே போனதும் குடும்பப் போட்டோவை எடுத்துவிடுங்கள். கடைசியில் எடுக்கலாம் என்றால், கடைசியில் குழந்தை தூங்கிவிடும், இரண்டு பேர் வெளியே போயிருப்பார்கள், பெரியம்மா புடவையில் சேறு இருக்கும். பெரிய புல்வெளியில் 8 மணிக்கு முன் இடம் கிடைக்கும்.

பிறகு பார்க்கும் வரிசை. வந்தவர்கள் எல்லோரும் நேரே நடுப் புல்வெளியிலிருக்கும் பெரிய மலர் உருவத்துக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். அது திறந்த வெளியில் நாலு பக்கமும் பார்க்கும்படி நிற்கிறது. 11 மணிக்கும் பார்க்கலாம். குறுகலான இடத்தை முதலில் பாருங்கள், அகலமானதைப் பிறகு. குறுகல் என்றால் மலர் மாடமும் கண்ணாடி மாளிகையும். மலர் மாடத்தில் தொட்டிகளைப் படிப்படியாக அடுக்கியிருப்பார்கள். பெட்டூனியா, பேன்சி, சினரேரியா, பிகோனியா, டேலியா, சைக்ளமென், கால்சியோலேரியா என்று வகைவகையாக நிறம் பிரித்து வைத்திருப்பார்கள். நடைபாதை சிறியது. 10 மணிக்கு மேல் அங்கே நின்று பார்க்க முடியாது, பின்னாலிருந்து வரும் தள்ளலில் நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டும். 8 மணிக்குப் போனால் கால்சியோலேரியாவின் பை போன்ற பூவைப் பிள்ளைகள் குனிந்து உள்ளே எட்டிப் பார்க்கலாம். உண்மையில் இந்தக் காட்சியின் வேலைப்பாடு அங்கேதான் இருக்கிறது. மாதக்கணக்கில் நாற்றுவிட்டு, எல்லாத் தொட்டியும் ஒரே வாரத்தில் பூக்கும்படி நேரம் பார்த்து வளர்ப்பது சாதாரணக் கைவேலை அல்ல. கொய்மலர்களைச் செருகிச் செய்த கோட்டையும் ரயிலும் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

மெதுவான குழு மாடத்தைப் பார்த்ததும் கீழ்ப் புல்வெளி ஓரத்தில் ஒரு பெஞ்சைப் பிடித்து உட்காரட்டும். பூங்கா தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 2,250 மீட்டரில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டே போகும். மொத்தம் 22 ஹெக்டேர். 1848-ல் மக்ஐவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் சதுப்பாகக் கிடந்த சரிவை வடித்து உருவாக்கத் தொடங்கிய தோட்டம் இது. கீழ்ப்பகுதி சமம், மேல்பகுதியின் பாதைகள் முழங்காலைப் பதம் பார்க்கும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலிக்கும், அதனால் "ஏறிட்டேன் பார்" என்று அப்பத்தா சிரிப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேட்டரி வண்டி ஓடினால் நல்லது, ஓடும் என்று திட்டமிட வேண்டாம். குழந்தைத் தள்ளுவண்டியும் கரூரிலேயே இருக்கட்டும். நெரிசலிலும் சரிவிலும் அது சுமைதான், துணித் தொட்டிலாக மார்போடு கட்டிக்கொள்வது மேல்.

மற்ற மூன்று குழுவும் 9.30-க்கு மேல் இத்தாலியத் தோட்டம், மேல் சரிவு, கல்மரம் என்று சுற்றிவிட்டு, பெரிய உருவத்தைக் கடைசியில் பார்த்துக்கொண்டு 11.30-க்குச் சந்திப்பிடத்துக்கு வரட்டும். நடுவே தாத்தாவுக்குப் பத்தரை மணி வாக்கில் ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். ஊட்டிக் குளிரில் வியர்க்காது, களைப்பு தெரியாது, ஆனால் நடை சர்க்கரையை இறக்கிவிடும். கை நடுக்கம், எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் கண்டால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ. "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று நடத்தாதீர்கள்.

உடுப்பு பற்றிப் பலர் தவறு செய்கிறார்கள். மே மாதப் பகலில் ஊட்டி 22, 23 டிகிரி. தடித்த கம்பளிக் கோட்டு சுமக்கத்தான் ஆகும். காலை ஏழு மணிக்குக் குளிரும், பத்து மணிக்கு வெயில் சுரீரென்று தோலில் இறங்கும், இரண்டு மணிக்கு மழை வரலாம். மெல்லிய ஸ்வெட்டர், தொப்பி, மழைக்கோட்டு. குடை வேண்டாம், நெரிசலில் அடுத்தவர் கண்ணைக் குத்தும். புதுச் செருப்பும் வேண்டாம். ஈரப் புல்லில் வழுக்குகிற செருப்பு யாருடையது என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

பன்னிரண்டு மணிக்கு வெளியே. அந்த நேரத்தில் 17 பேருக்கு ஒரே இடத்தில் மேசை தருகிற ஓட்டல் கமர்ஷியல் ரோட்டில் கிடைப்பது அபூர்வம். கட்டுச்சோறுதான் வழி. வேன் நிற்கிற மைதானத்திலேயே பாக்குமட்டைத் தட்டில் சாப்பிட்டுவிடலாம். கணக்கு: 1 கிலோ அரிசியில் புளியோதரை, 30 சப்பாத்தி, அரை கிலோ தக்காளித் தொக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். கைக்குழந்தை போக 16 பேருக்கு இது தாராளம். முந்தின நாள் பிற்பகல் செய்யும் புளியோதரை கெடாமலிருக்கச் சோற்றைத் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, நல்லெண்ணெய் தாராளமாக விட்டுப் பிசைந்து, கைபடாமல் தூக்கில் அடைக்க வேண்டும். சூடாக மூடினால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டி, இரவிலேயே ஊசிவிடும். முந்தின நாள் பிசைந்த தயிர் சாதம் வேண்டவே வேண்டாம். மிச்சத்தையும் தட்டையும் ஒரு கோணிப்பையில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். சரிவில் வீசினால் காட்டெருமையும் குரங்கும்தான் தின்னும்.

கடை விஷயம் ஒன்று. வர்க்கி, டீத்தூள், சாக்லேட், நீலகிரித் தைலம்: இது 17 பேரும் கடைக்குள் நுழைந்தால் ஒன்றரை மணி நேரம். சாப்பிடும்போதே யாருக்கு எத்தனை பாக்கெட் என்று சீட்டு எழுதி, இரண்டு பேரை மட்டும் அனுப்புங்கள். சண்டை வரும், வரட்டும். காசையும் இப்படியே: கிளம்பும் முன் பெரியவர்களிடம் ஆளுக்கு ஒரு தொகை வாங்கி ஒரே பையில் போட்டு, ஒருவர் மட்டும் செலவு செய்து நோட்டில் எழுதட்டும். டீக்கடையில் "நான் கொடுக்கிறேன், நான் கொடுக்கிறேன்" என்று இழுபறி நடப்பதே பத்து நிமிடம்.

ரயிலைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயில் ஊட்டி வர நண்பகல் ஆகும். பிற்பகல் 2 மணிக்கு அதே பாதையில் திரும்பும். இரண்டு மணி நேரத்தில் மலர்க் காட்சி பார்க்க முடியாது. தவிர மே மாதத்துக்கு 17 இருக்கை ஒன்றாகக் கிடைப்பதெல்லாம் முன்பதிவு திறந்த நிமிடத்தோடு முடிந்துபோகும் விஷயம். ரயிலை இன்னொரு பயணத்துக்கு வையுங்கள்.

இ-பாஸ் கிடைக்கவில்லையென்றால் பயணமே போச்சு என்று நினைக்க வேண்டாம். அரசுப் பேருந்துக்குப் பாஸ் தேவையில்லை. மேட்டுப்பாளையத்தில் வேனை நிறுத்திவிட்டு, அதிகாலைப் பேருந்துகளில் இரண்டு இரண்டு குழுவாக ஏறலாம். வேன் புறநகரில் நிற்கும்போது பேருந்து ஊட்டி நிலையத்துக்கே போகும் என்பதால் சில நாட்களில் இதுதான் வேகமும்கூட. அப்பத்தாவுக்கு மட்டும் படி ஏறுவது சிரமம். தேதியே ஒத்துவரவில்லையா, செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன் இருக்கிறது. அப்போதும் மாடத்தில் தொட்டிகளை அடுக்குவார்கள். மலர்க் கோட்டையும் மலர் ரயிலும் இருக்காது, ஆனால் அப்பத்தா எந்தப் பெஞ்சில் வேண்டுமானாலும் உட்காரலாம்.

இறங்கும் வழி. சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக்குவது வழக்கம். கோத்தகிரிப் பாதை ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடுதல். 1.30 மணிக்குக் கிளம்பினால் மூடுபனி இறங்கும் முன் கோத்தகிரியைத் தாண்டிவிடலாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிற டிரைவரை நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், பெரும்பாலும் இரண்டாவது. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் தேவைப்படும்போது மட்டும். மிதித்தே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். ரப்பர் கருகுகிற மாதிரி நாற்றம் வந்தால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்த அரை மணி நேரத்தில் பிள்ளைகளைச் சாலைப் பக்கம் விடாமல் மலைச்சுவர்ப் பக்கம் நிறுத்துங்கள். மறுபடி ஏறியதும் நான்கு தலைவர்களும் எண்ணிக்கை சொல்லட்டும்: ஐந்து, நாலு, நாலு, நாலு.